விசிலக்கா சொல்லாத வரி

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றைக்கு நான் குக்கராகிவிட்டேன்.

குரல் கொடுக்க வேண்டிய பெண் தொண்டை கட்டிவிட்டது என்று வரவில்லை. வாகை குக்கர் கம்பெனியிலிருந்து பிரீத்தா மேடம் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் விளம்பர ஆபீஸ் முதலாளி மார்ட்டின் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "பூங்கோதை, எழுதினது நீங்கதானே, சும்மா ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். பிரீத்தா மேடம் கையைத் தட்டி, "இதுதான் விசிலக்கா குரல்! வேற யாரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பதினான்கு வருஷமாக விளம்பர வரி எழுதுகிறேன். என் குரலை யாராவது நன்றாயிருக்கிறது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டில் சொன்னேன். இவர், "தினமும் கேட்டுட்டுத்தானே இருக்கேன்" என்றார். பேச்சைப் பார்!

விசிலக்கா கார்ட்டூனை வரைந்தது எங்கள் ஆபீஸ் அப்சல். குண்டுக் குக்கருக்குக் கை, கால், கம்மல், இடுப்பில் சொருகிய முந்தானை. கோபம் வந்தால் தலையில் வெயிட் ஆடும். கூடவே எப்போதும் தப்பாகவே பேசும் ஒரு பருப்பு மாமா. கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்து திட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். எதையும் விற்கவேண்டாம், நல்ல பெயர் வாங்கினால் போதும் என்று உத்தரவு.

தயிர் உறைய வைக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

முதல் வீடியோ போட்டு ஐந்து நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். "என் ஆவி போனாத்தான் உங்க வீட்டுல சோறு!" என்ற என் வரியை ஆபீஸ் லிஃப்டில் யாரோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எழுதியவள் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று தெரியாது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்றைக்குப் போட்டி அறிவித்தோம். விசிலக்கா பேசுவதற்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். சிறந்த ஐம்பது வரிகளுக்கு ஐம்பது குக்கர்கள் பரிசு. இவ்வளவு பெரிய மனசா என்று நான் வாயைப் பிளந்தேன். "கோடவுன்ல ரெடியா இருக்கு பூங்கோதை, ரெண்டே நாள்ல அனுப்பிடலாம்" என்றார் பிரீத்தா மேடம்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பதினோராயிரம் வரிகள். கண் எரிகிறது. பாதிப் பேர் என்னுடைய 'ஆவி'யையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மீதிப் பேர் மாமியாரை இழுத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் என்னை உட்கார வைத்துவிட்டது. கவுந்தப்பாடியிலிருந்து லோகநாயகி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்க வீட்டுல சத்தம் போட உரிமை உள்ள ஒரே பொம்பளை விசிலக்காதான்." நான் பதினான்கு வருஷத்தில் இப்படி ஒன்று எழுதியதில்லை. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. முதல் பரிசு போட்டேன். போனில் சொன்னபோது, "நான் எழுதுனதா? நெசமாலுமா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, "எங்க வீட்டுக்காரரு நம்பமாட்டாருங்க, ஒரு காயிதத்துல எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். விசிலக்கா படம் போட்ட பாராட்டுத்தாள் ஒன்றையும் குக்கரோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்பதாவதாக உடுமலையிலிருந்து ஒன்று. "விசிலக்கா வந்தாச்சு, பசி பறந்து போயாச்சு." சுமார்தான் என்றாலும் ஓசை இருக்கிறது. என் நாத்தனார் சௌந்தரி எழுதியது என்பதற்காகத் தள்ளவும் முடியாது அல்லவா? எதற்கும் முகவரியில் அவள் மாமனார் பெயரைப் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பரிசுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. சௌந்தரி குக்கருக்குக் குங்குமம் வைத்துப் படம் அனுப்பியிருக்கிறாள்.

இன்றைய கூத்து: நான் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் கம்பெனிக்குப் போய், சரிபார்த்துத் திரும்பி வரும். சர்வீஸ் பிரிவுத் தலைவர் குழந்தைவேலு என்று ஒருவர். இதுவரை ஒரு கமா கூடத் தொட்டதில்லை. இன்றைக்கு நடுவில் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார். "மூடியின் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். கே-7 என்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள், புதிய சேஃப்டி வால்வு இலவசம்."

கடவுளே! விசிலக்கா பருப்பு மாமாவை விரட்டிக்கொண்டு ஓடுகிறாள், ஓட்டத்தின் நடுவில் நின்று கைப்பிடியைத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். அவர் சர்வீஸ் சென்டரில் கூட்டம் சேர்க்க என் விசிலக்காவா கிடைத்தாள்? வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அதே வரி. அடுத்த ஸ்கிரிப்ட்டில், அதே இடத்தில். இந்தத் தடவை சிவப்பு எழுத்தில். வெட்டினேன். அப்சல் வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, பரிசு என்னன்னு பாருங்க, வால்வு! ரிப்பன் கட்டிக் குடுப்பாரா?"

கீழ்வீட்டு அம்மா மோட்டாரை நிறுத்தாமல் போய்விட்டார். தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

மூன்றாவது முறையும் வெட்டியதற்குக் குழந்தைவேலு போனே செய்துவிட்டார். வயதான குரல். இழுத்து இழுத்துப் பேசுகிறார்.

"ஏனுங் மேடம், அந்த ஒரு வரிய மட்டும் விட்டுருங்களேன்."

"சார், வால்வைப் பரிசாக் குடுத்தா யாரு சார் வருவா? சிரிப்பு வர்ற இடத்துல நீங்க மெக்கானிக்கக் கூட்டிட்டு வர்றீங்க."

"நீங்க எப்படி வேணும்னாலும் மாத்தி எழுதிக்குங்க. கைப்பிடி, கே ஏழு, சர்வீஸ் சென்டரு. இந்த மூணும் இருந்தாப் போதுமுங்க."

"முடியாது சார்."

"அப்படின்னா பரிசு வாங்குன அம்பது பேரு அட்ரஸாச்சும் குடுங்க. நானே பேசிக்கறேன்."

வாடிக்கையாளர் விவரத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று உங்கள் கம்பெனிதானே எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது என்று நறுக்கென்று சொன்னேன். "சேரிங்க" என்று வைத்துவிட்டார். நவம்பரில் ஓய்வு பெறப்போகிறாராம். அதற்குள் பெயர் வாங்க ஆசை போலிருக்கிறது என்று மார்ட்டின் சாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

குழந்தைவேலு சார் ஆபீஸுக்கே வந்துவிட்டார். எதிர் பேக்கரியில் டீ குடித்தோம். பிறகு சௌந்தரிக்குப் போன் செய்து, அந்தக் குக்கரை எடுத்து லாஃப்டில் போடு, அடுப்பில் வைக்காதே என்றேன். ஏன் அண்ணி என்றாள். கேட்காதே, யாரிடமும் சொல்லாதே என்றேன்.

வேறு விசேஷம் இல்லை. கடலைப்பருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

மார்ட்டின் சாரிடம் பேசினேன். "திங்கட்கிழமை மீட்டிங்ல கேப்போம். நாம விளம்பரம் பண்றவங்க பூங்கோதை, இன்ஜினியர் கெடையாது" என்றார். அதுவும் சரிதான். எதையும் முறையாகத்தான் செய்ய வேண்டும். நாமாக ஒன்று கிளப்பிவிட்டு நாளைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?

திங்கட்கிழமை ரொம்பத் தூரத்தில் இல்லை. நடுவில் நான்கு நாள்தான்.

ஆகஸ்ட் 31, வியாழன்

ஆசிரியர் தினப் பாட்டு பதிவு செய்தோம். ஒரே டேக்கில் ஓகே. குரல் நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

செப்டம்பர் 1, வெள்ளி

எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அப்சல் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தான். "அக்கா, கமெண்ட்டப் பாருங்க." முதல் வீடியோவுக்குக் கீழே ஒரு படம். சமையலறைச் சுவர். கூரை ஓட்டில் ஓட்டை. சுவரெல்லாம் கொள்ளு. தரையில் நெளிந்து கிடந்த மூடி, அதன் பக்கத்தில் ஒரு வளையல். படத்தின் ஓரத்தில், சுவரில் ஒட்டியிருந்த தாளில் விசிலக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அனுப்பச் சொன்ன பாராட்டுத்தாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "உங்க பரிசு குக்கர் வெடிச்சு எங்க பக்கத்து வீட்டு லோகநாயகி அக்கா ஈரோடு ஆஸ்பத்திரியில இருக்காங்க. நேத்துக் காலைல."

நேற்றுக் காலை. வியாழக்கிழமை.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்சல் என்னவோ கேட்கிறான், அவன் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்துக்கு அதற்குள் பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். விசிலக்காவின் பக்கம் அல்லவா, இதுவும் வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்! பிறகு என் கண் முன்னாலேயே அந்தக் கமெண்ட் மறைந்தது. மார்ட்டின் சார் தன் அறையிலிருந்து நீக்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பேக்கரியில் குழந்தைவேலு சார் சொன்னதை அன்றைக்கு நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். குக்கர் மூடியில் வெயிட் உட்காரும் துளை அடைத்துக்கொண்டால், ஆவி வெளியே போக சேஃப்டி வால்வு உருகி வழிவிட வேண்டும். கே-7 என்று முத்திரை போட்ட குக்கர்களில் அந்த வால்வு உருகாது. சோதனையில் கண்டுபிடித்து, ஒன்றைக்கூட விற்காமல், உடைத்துப் போடுவதற்காகக் கோடவுனில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரிசு கொடுக்க ஐம்பது வேண்டும் என்றதும் விளம்பரப் பிரிவு ஆட்கள் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். சும்மா கிடந்ததுதானே! அனுப்பிய பிறகுதான் இவருக்குத் தெரிந்திருக்கிறது. மேலே போய்ச் சொன்னால், எழுத்தில் எதுவும் வரக்கூடாது, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"அதனாலதானுங் மேடம் அதிர்ஷ்டம் கிதிர்ஷ்டம்னு எழுதிப் பாத்தேன். விளையாட்டு மாதிரி இருந்தா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது, சனங்க மட்டும் திருப்பிப் பாப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார். டீயைக் கடைசி வரை அவர் குடிக்கவே இல்லை. போகும்போது, "லிஸ்ட் உங்க கையில இருக்குதுங். எப்படியாச்சும் சொல்லிருங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். எழுந்து வெளியே வந்து, சௌந்தரிக்குப் போன் செய்தேன்.

மூன்று முறை வெட்டினேன் அந்த வரியை. மூன்று முறை.

மாலையில் பிரீத்தா மேடம் வந்தார். விசிலக்கா கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு, 'சீக்கிரம் குணமாகி வாங்க, உங்க விசிலுக்காகக் காத்திருக்கோம்' என்று ஒரு சின்ன வீடியோ வேண்டுமாம். லோகநாயகி பேர் போடவேண்டாமாம். "உங்க குரல்ல கேட்டா சனங்க உருகிடுவாங்க பூங்கோதை." மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே கொடூரமாகப் பேசுகிறவர் மாதிரியும் இல்லை. இது நல்ல யோசனை என்று மனப்பூர்வமாக நம்புகிறார். இப்படி ஒரு யோசனை எனக்கே வந்திருக்கும், போன வாரமாயிருந்தால்.

முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். வரும்போது லிஸ்ட்டை எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 2, சனி

காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். லோகநாயகியையும் சௌந்தரியையும் கழித்தால் நாற்பத்தெட்டு பேர்.

யாரும் நம்பவில்லை. பரிசு குக்கர் என்று ஆரம்பித்ததுமே, "ஓடிபி கேப்பீங்க, அதானே? வேற ஆளப் பாருங்க" என்று வைத்துவிடுகிறார்கள். சேலத்துக்காரர் ஒருவர் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்றார். மதுரையில் ஒரு பெண், "போட்டிக் கம்பெனிக்காரிதானே நீ? பொறாமைல சாவாத" என்று திட்டினாள். கெஞ்சினேன். அழுதேன். அழுததும் இன்னும் சந்தேகப்பட்டார்கள். ஒன்பதரை மணிக்குப் பதினொரு பேரிடம் பேசி, இரண்டு பேர் மட்டும் நம்பியிருந்தார்கள்.

பன்னிரண்டாவது எண் பழனி. குழந்தை எடுத்தது. அம்மா எங்கே என்றேன். "அடுப்புகிட்ட." குக்கர் அடுப்பில் இருக்கிறதா என்றேன். "ம், பருப்பு வேகுது. நீங்க யாரு?" என்ன சொன்னால் அந்தக் குழந்தை ஓடும்? வேறு வழி தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"நான்தான்டா தங்கம் விசிலக்கா பேசறேன்! நீ அங்கயே நில்லு. கிட்டப் போகாத. அம்மாவக் கூப்புட்டு, அடுப்ப அணைச்சுட்டு இங்க வரச் சொல்லு, ஓடு!"

"அம்மா! விசிலக்கா போன்ல பேசுறாங்கம்மா! அடுப்ப அணைச்சுட்டு வரணுமாம்!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். அணைத்தாயிற்றா என்று முதலில் கேட்டேன். அணைத்துவிட்டேன் என்றாள். அதே குரலில், ஒரு சிரிப்பும் கலக்காமல், சொன்னேன். ஆறும் வரைக்கும் பக்கத்தில் போகாதீர்கள். ஆறிய பிறகு மூடியின் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். போனை வைக்கவே மாட்டேன் என்று அரைமணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "ஆமாங்க, கே ஏழுன்னு இருக்கு" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது.

அதற்குப் பிறகு, முதலில் நம்பாத ஒன்பது பேரையும் மறுபடி கூப்பிட்டு, எல்லோரிடமும் விசிலக்காவாகவே பேசினேன். எல்லோரும் நம்பினார்கள். பூங்கோதையை நம்பாதவர்கள் குக்கர் பொம்மையை நம்பினார்கள். என்ன சொல்வது இதை! இவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடித்த பெயரை எல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். சோறு அவரே வடித்தார். குக்கரைத் தொடவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

நேற்று போனை எடுக்காமலிருந்த நான்கு பேரும் கிடைத்துவிட்டார்கள். கடைசி ஆள் திருச்செந்தூர். அவர் பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை. நாற்பத்தெட்டும் முடிந்தது.

மார்ட்டின் சார் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். நாளைக்கு ஆபீஸ் வரவேண்டாமாம். குழந்தைவேலு சாருக்குப் போன் செய்து, எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்றேன். "நல்லதுங்" என்றார். பிறகு, "அந்தக் கவுந்தப்பாடி அம்மாவுக்கு மட்டும்தானுங்களே பிந்திப் போச்சு?" என்றார். போனை வைத்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஈரோடு போய்வந்தேன். இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் லோகநாயகியால் மெல்ல முடியுமோ முடியாதோ என்று தோன்றியது.

பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். லோகநாயகிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இடது கன்னம், கழுத்து, இடது கை முழுக்கக் கட்டு. வலது பக்கம் மட்டும் பார்த்தால் ஒன்றுமே ஆகாதவர் மாதிரி இருக்கிறார். கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுப்பதற்குள், அடுத்த கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த பெண்ணின் போனிலிருந்து என் குரல் கேட்டது. ஆசிரியர் தினப் பாட்டு. வியாழக்கிழமை ஒரே டேக்கில் பாடியது.

லோகநாயகி அந்தப் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான், "வணக்கங்க, என் பேரு பூங்கோதை" என்றேன்.

"நீங்கதானா விசிலக்கா?" என்றார். வாய் ஒரு பக்கமாகத்தான் அசைந்தது. "எனக்குப் போன் பண்ணி நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொன்னீங்களே, அவுங்கதானே?"

"ஆமாங்க."

"அந்தக் காயிதத்த அடுப்பு மேலதான் ஒட்டியிருந்தேன். எங்க வீட்டுக்காரரு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சுங்க. நாப்பத்தெட்டு பேருக்கும் நானே பேசிட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றார். மனசாரத்தான் சொன்னார். என் கையைக்கூடத் தொட்டார். அத்தோடு பழத்தை வைத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை என்று நாக்கு நுனி வரை வந்தது. இதோ, இந்த நோட்டில்கூட வெள்ளிக்கிழமைதான் விவரமாக எழுதியிருக்கிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

அவர் வலது கையை உயர்த்தி, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். செவ்வாய். புதன். மூன்றாவது விரலில் கட்டைவிரல் நின்றுவிட்டது.

"அப்ப யாருக்குமே சொல்லலீங்களா?"

"சொன்னேன். ஒருத்தருக்கு. என் நாத்தனாருக்கு."

லோகநாயகி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு இடது கன்னத்தைத் தலையணையில் அழுத்த வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கன்னம். அழுத்தினார்.